சின்க்வே தெர்ரேயில் நடக்கப் போகிறீர்களா? விசாவிலிருந்து முழங்கால் வரை

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், லிகூரியா மாநிலத்தில், மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு ஐந்து சின்ன ஊர்கள் இருக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்காக மான்டெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்துக்கும் சேர்த்துச் சின்க்வே தெர்ரே என்று பெயர். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மலைப்பாதையில் நடந்தே போகலாம். மேலே படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், கீழே கடல்.

2025 மே மாதம் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து போய், நான்கு நாள் நடந்துவிட்டு வந்தோம். நடந்ததில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் காகிதங்களோடு பட்ட பாடுதான் பெரிது. விசா வேலையில் எட்டு நாள் வீண், ரயிலில் அபராதம், பூட்டிய பாதைக்கு முன்னால் அரை நாள். எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விலைகள் நாங்கள் போனபோது இருந்தவை. வருடத்துக்கு வருடம் மாற்றுகிறார்கள், அதனால் கிளம்பும் முன் இந்தப் பாதைகளைப் பராமரிக்கும் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, இல்லையென்றால் செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை. இந்த இரண்டு காலத்தை விட்டால் மற்றது வேண்டாம் என்பேன். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. ஐரோப்பாவே அங்கே வந்து நிற்கும். பாதையில் பல இடங்களில் நிழல் கிடையாது. நாம்தான் சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் ஆயிற்றே என்று நினைக்காதீர்கள். சென்னை வெயிலில் நாம் மலை ஏறுவதில்லை.

அக்டோபர் பிற்பகுதி, நவம்பர் மழைக்காலம். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்ஸாவும் மான்டெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தே போயின. அதன் பிறகு மழை எச்சரிக்கை என்றாலே பாதையை மூடிவிடுகிறார்கள்.

நல்ல மாதத்திலும் சில நாள்களைத் தவிர்க்க வேண்டும். ஈஸ்டர் வாரம், ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2. கடைசி மூன்றும் இத்தாலியில் அரசு விடுமுறை. அந்த நாள்களில் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது, டிக்கெட் விலையும் கூடும். திராட்சை அறுவடையைப் பார்க்க ஆசையென்றால் செப்டம்பர்.

2. விசாவுக்கு முன்னால் தங்குமிடம்

வரிசை மாறியிருக்கிறதே என்று தோன்றும். விசாவுக்கே தங்குமிட முன்பதிவு வேண்டும் என்பதால் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்கும் வகை முன்பதிவாகவே எடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

படத்தில் பார்க்கும் வண்ண வண்ண வீடுகளில் ஒன்றில் தங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எங்களுக்கும் இருந்தது. ஆனால் அந்த ஊர்களில் அறை விலை அதிகம், லிப்ட் உள்ள வீடு அபூர்வம், ஸ்டேஷனிலிருந்து அறை வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகவே 382 படி! சின்னப் பேருந்து ஒன்று ஓடுகிறது, ஆனால் எல்லா ரயிலுக்கும் அது காத்திருக்காது.

நாங்கள் கிழக்குப் பக்கம் இருக்கும் லா ஸ்பெட்ஸியா நகரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு இரவுக்கு 95 யூரோவுக்கு அறை எடுத்தோம். அங்கிருந்து ரியோமஜோரே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை எல்லாம் நடக்கும் தூரம். மேற்குப் பக்கம் லெவன்தோ. அங்கே கடற்கரையும் உண்டு, அமைதியும் உண்டு. இரண்டில் எது என்றாலும் சரிதான். ஒரே ஒரு இரவாவது கிராமத்தில் தங்கியே தீர வேண்டும் என்றால், பெரிய பெட்டியை லா ஸ்பெட்ஸியாவில் பத்திரப்படுத்திவிட்டு முதுகுப்பையோடு போங்கள்.

வாடகைக் கார் எடுக்கும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். ஊருக்குள் வெளியார் காரை விடமாட்டார்கள், நிறுத்தவும் இடமில்லை.

அப்புறம், அறை வாடகையில் சேராத நகர வரி ஒன்று உண்டு. ஆளுக்கு, இரவுக்கு, சில யூரோ. பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்துகொள்வார்கள். அது சட்டப்படி அவர்கள் செய்ய வேண்டியது, பயப்பட ஒன்றும் இல்லை.

3. விசா

வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. இத்தாலியோடு பாரிஸையும் சேர்த்துக்கொள்பவர்கள் கவனியுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டில் போடாதீர்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். மே மாதப் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் பார்க்கத் தொடங்குங்கள். மார்ச் தாண்டினால் கோடை விடுமுறைக்காரர்கள் எல்லோரும் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முடிந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இல்லை. இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. குறுஞ்செய்தி, கூரியர், தனி அறை என்று மையத்தில் கூடுதல் சேவைகள் கேட்பார்கள். கூரியர் மட்டும் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை: பூர்த்தி செய்த விண்ணப்பம். 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் புதுப் புகைப்படம். கடந்த பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டு, நாம் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகிற, இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள பாஸ்போர்ட். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவையும், அவசரமாக ஊர் திரும்பும் செலவையும் தாங்கும் பயணக் காப்பீடு. விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம். வங்கி முத்திரை வைத்த கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். கணவன் மனைவி சேர்ந்து போகிறீர்கள், ஒருவர்தான் சம்பாதிக்கிறார் என்றால் திருமணச் சான்றிதழும், செலவை நான் ஏற்கிறேன் என்று ஒரு கடிதமும்.

இனி நாங்கள் மாட்டிக்கொண்ட கதை. சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போகும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பும். எங்களுடையது அதிகாலை 3.50. வீட்டில் எல்லோரும் 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்புறோம்' என்றே பேசிப் பேசி, அறையையும் காப்பீட்டையும் நான் ஞாயிறு தேதிக்கே போட்டுவிட்டேன். விமானமோ திங்கள் தேதி. முன்னால் ஒரு நாள் வீணாகக் கூடி, கடைசியில் ஒரு நாள் குறைந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் அந்தத் தேதிகளை வட்டமிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் எட்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. 'ஏங்க, பஞ்சாங்கம் பார்க்கற வீட்டுல தேதி தப்பாப் போட்டது நீங்க ஒருத்தர்தான்' என்றாள் மனைவி. வாயைத் திறக்கவில்லை நான்.

ஆகவே விமானம், அறை, காப்பீடு, விடுப்புக் கடிதம், பயணத் திட்டம், விண்ணப்பம் ஆகிய ஆறிலும் தேதிகளை ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள். காப்பீட்டை நம் ஊர் வந்து சேரும் நாளுக்கு மேலும் இரண்டு நாள் சேர்த்தே எடுங்கள். விலை வித்தியாசம் ஒரு காபி காசு.

இன்னொரு பொறி, வங்கிக் கணக்கு. விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமனாரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ பெரிய தொகையை வாங்கிக் கணக்கில் காட்டுவது. மாதக்கணக்கில் சம்பளம் வந்து, செலவாகி, கொஞ்சம் மிஞ்சி நிற்கும் கணக்குக்குத்தான் மதிப்பு. வெளியிலிருந்து வந்த தொகை உண்மையிலேயே இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வையுங்கள்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்திருந்தால் அது 59 மாதம் செல்லும். நாங்கள் போய் வந்த பிறகு, 2025 அக்டோபர் 12 முதல், ஐரோப்பிய எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. இறங்கியதும் அங்கே வரிசை நீளலாம். அதனால் நெருக்கமான நேரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

4. விமான நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை

மிலன், ரோம், பீசா மூன்றில் எங்கு இறங்கினாலும் ரயிலில் வந்துவிடலாம். பீசாவிலிருந்து லா ஸ்பெட்ஸியா ஒரு மணி நேரம் சொச்சம். மிலனிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து ஒரே மாற்றத்தில் மிலனுக்கு வர முடிந்ததால் நாங்கள் அதையே எடுத்தோம். தொலைதூர ரயிலுக்கு முன்கூட்டி எடுத்தால் மலிவு. உள்ளூர் ரயிலுக்கு எப்போது எடுத்தாலும் அந்த நாளுக்கான ஒரே விலை, முன்பதிவே வேண்டியதில்லை.

லா ஸ்பெட்ஸியாவுக்கும் லெவன்தோவுக்கும் இடையில் ஐந்து ஊர்களிலும் நின்று போகும் சின்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸ் என்ற வண்டி ஓடுகிறது. சீசனில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சில நிமிடம்தான், அதிலும் பெரும்பகுதி குகைக்குள். எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் என்று ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள்.

இங்கேதான் அபராதம் கட்டினேன். காகித டிக்கெட் எடுத்தால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைச் செருகித் தேதியும் நேரமும் அச்சடித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் கையில் டிக்கெட் இருந்தாலும் டிக்கெட் இல்லாத மாதிரிதான். பரிசோதகர் மரியாதையாகவே பேசினார், மரியாதையாகவே அபராதச் சீட்டும் கிழித்தார். 'தெரியாது' என்பது அங்கே செல்லாது. ஒரு நாளைக்கு நூறு பேர் அதைத்தான் சொல்கிறார்கள் போல. கைப்பேசியில் எடுத்த டிக்கெட் என்றால் ஏறும் முன் செக்-இன் கேட்கிறதா என்று பாருங்கள், கேட்டால் செய்துவிடுங்கள்.

5. எந்த அட்டை வாங்குவது

பாதைகள் எல்லாவற்றுக்கும் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடலோரமாகப் போகும் நீலப் பாதையில் மான்டெரோஸ்ஸோ–வெர்னாட்ஸா, வெர்னாட்ஸா–கொர்னீலியா துண்டுகளுக்குத்தான் தேசியப் பூங்காவின் அட்டை வேண்டும். மேலே தோட்டங்கள் வழியாகப் போகும் பாதைகள் இலவசம்.

நடை அட்டை ஒரு நாளுக்கு ஏழரை யூரோ. இரண்டு நாள் அட்டை பதினாலரை. கூட்டம் மிகுந்த நாள்களில் விலை ஏறும். ஊருக்குள் ஓடும் சின்னப் பேருந்தும் இதில் அடக்கம்.

ரயில் அட்டையில் நடைபாதையோடு, லா ஸ்பெட்ஸியா–லெவன்தோ இடையே உள்ளூர் ரயிலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். சாதாரண நாளில் 20 யூரோவுக்குச் சற்றுக் குறைவு, உச்ச நாளில் 30ஐத் தாண்டும். தனி ரயில் டிக்கெட் நாளைப் பொறுத்து 5 முதல் 10 யூரோ. ஒரு ஊருக்குப் போனாலும் நாலு ஊருக்குப் போனாலும் அதே விலை. கணக்கு எளிது. அன்றைக்கு மூன்று தடவைக்கு மேல் ஏறி இறங்குவீர்கள், நீலப் பாதையிலும் நடப்பீர்கள் என்றால் ரயில் அட்டை. காலையில் ஒரு முறை ஏறி, மாலையில் ஒரு முறை திரும்புவதென்றால் தனி டிக்கெட்டும் நடை அட்டையும் மலிவு. ரயில் அட்டை இன்டர்சிட்டி வண்டிகளில் செல்லாது. காகித அட்டையானால் பெயர் எழுதி, அதையும் இயந்திரத்தில் அச்சடிக்க வேண்டும்.

ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறையைக் குடைந்து போட்ட காதலர் பாதை, 2012இல் கல் சரிந்து மூடப்பட்டு, 2024இல்தான் மறுபடி திறந்தது. ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, சமதளம். இதற்குத் தனியாக 10 யூரோ, நேரம் குறித்து முன்பதிவு, ரியோமஜோரே பக்கமிருந்து மட்டும் நுழைவு. நாங்கள் போனோம். அழகுதான். ஆனால் பத்து யூரோவுக்கு இருபது நிமிட நடை என்றால், பணம் கையைக் கடிக்கும் நிலையில் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

பல நாள் அட்டையை ஊரிலிருந்தே வாங்கிவிடாதீர்கள். நாங்கள் இரண்டு நாள் அட்டை வாங்கினோம். இரண்டாம் நாள் ஆரஞ்சு மழை எச்சரிக்கை வந்து பாதையை மூடிவிட்டார்கள். வெர்னாட்ஸாவில் கம்பிக் கதவு, அதில் 'கியூசோ' என்று ஒரு பலகை. மூடியிருக்கிறது என்று அர்த்தம். வானிலையை முந்தின நாள் மாலை பார்த்துவிட்டு, அடுத்த நாளைக்கு மட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

6. எந்தப் பாதை, எந்த நாள்

முதல் நாள் லெவன்தோவிலிருந்து மான்டெரோஸ்ஸோ. சுமார் மூன்று மணி நேரம், கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. நடுவில் மெஸ்கோ முனை என்று ஒரு மலை மூக்கு. அங்கே இடிந்த மடாலயம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் இனி நான்கு நாள் நடக்கப் போகும் ஐந்து ஊரும் ஒரே வரிசையில் தெரியும். கால் எப்படி இருக்கிறது என்று சோதித்துக்கொள்ள இதுதான் சரியான பாதை.

இரண்டாம் நாள் மான்டெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸா, அங்கிருந்து கொர்னீலியா. முதல் துண்டு மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். தொடக்கத்திலேயே படி, படி, படி. சில இடங்களில் எதிரில் வருபவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நெரிசலான நாள்களில் காலை 9 முதல் மதியம் 2 வரை மான்டெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸா நோக்கி மட்டும்தான் விடுவார்கள். அதனால் இந்தத் திசையிலேயே திட்டமிடுங்கள். எட்டு மணிக்கு முன்னால் பாதையில் கால் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டாவது துண்டில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

மூன்றாம் நாள் கொர்னீலியாவிலிருந்து மனரோலா. இங்கே கடலோரப் பாதை மண்சரிவால் பல வருடமாக மூடியே கிடக்கிறது. பழைய வரைபடத்தில் திறந்திருப்பதாகக் காட்டும், நம்பாதீர்கள். அது மூடியதுகூட ஒரு விதத்தில் நல்லதுதான். ஏனென்றால் மாற்றுவழி வொலாஸ்த்ரா என்ற மலைக் கிராமம் வழியாகப் போகிறது. நான்கு நாளில் ஒரு நாள்தான் நடக்க முடியும் என்று சொன்னால், நான் இதைத்தான் நடப்பேன். இதற்குக் காசும் கிடையாது.

கொர்னீலியாவிலிருந்து முதல் முக்கால் மணி நேரம் செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்கும். மேலே ஏறியதும் பாதை மலை இடுப்பைச் சுற்றிய அரைஞாண் போலக் கிட்டத்தட்ட சமமாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் திராட்சை. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள்தான் ஒவ்வொரு தட்டையும் தாங்கி நிற்கின்றன. சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் நழுவினால் தட்டே சரியும், அதைத் திரும்ப அடுக்குவது ஒரு குடும்பத்தின் பல நாள் வேலை.

பந்தல்கள் நம் கம்பம் பக்கத்துப் பந்தல் போல ஆள் உயரத்துக்கு இல்லை, பல இடத்தில் இடுப்பு உயரம்தான். கடற்காற்றுக்காக அப்படித் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள். அறுவடையின்போது குனிந்தே நிற்க வேண்டும். நாங்கள் போனபோது கொத்துகள் மிளகு அளவுக்குப் பச்சையாக இருந்தன. ஒரு வளைவில் பாதைக்குக் குறுக்கே பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று மலையிலிருந்து நேராகக் கீழே இறங்கியது. தடதடவென்று சத்தம் வந்தது. ஸ்கூட்டர் எஞ்சின் அளவில் ஒன்று, பின்னால் ஒரு தட்டு, அதில் சிமென்ட் மூட்டையும் மூங்கில் போன்ற கழிகளும், முன்னால் சின்ன இருக்கையில் வாயில் வைக்கோல் துரும்போடு ஒரு பெரியவர். கையால் எங்களை ஒதுங்கச் சொன்னார். எங்களைத் தாண்டும்போது மனைவியின் காலணியைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் செங்குத்தாகக் கீழே இறங்கி மறைந்தார். செப்டம்பரில் திராட்சைக் கூடைகள் ஏறி இறங்குவதும் இதில்தான்.

வொலாஸ்த்ராவில் உட்கார்ந்து ஒரு கோப்பை ஒயின் குடிக்கலாம், குடிப்பவர்கள். போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தீனோ என்ற மூன்று வகைத் திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். அதே திராட்சையை நிழலில் உலர்த்திச் செய்யும் இனிப்பு ஒயினுக்கு ஷக்கெத்ரா என்று பெயர். சின்னக் குப்பிதான், விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஒரு கிளாஸ் மட்டும் ருசி பார்ப்பது உத்தமம். ஊருக்கு வாங்கி வருவதானால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை இந்தியாவில் சுங்கம் இல்லை.

வொலாஸ்த்ராவிலிருந்து மனரோலாவுக்கு இறக்கம் முழுவதும் கல் படிகள். எண்ணத் தொடங்கி ஐந்நூறோடு விட்டுவிட்டேன். ஏற்றத்தில் போகாத உயிர் இறக்கத்தில் முழங்காலில் போயிற்று. முழங்கால் வலி உள்ளவர்கள் வெட்கப்படாமல் பேருந்தைப் பிடியுங்கள். நடை அட்டை இருந்தால் அதில் டிக்கெட் தேவையில்லை. மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

நான்காம் நாளை வெறுமையாக விடுங்கள். மழை ஏதாவது ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்ளும்.

7. காலில், பையில்

செருப்பு, முன்பக்கம் திறந்த சாண்டல் போட்டுப் பாதையில் இறங்கினால் அபராதம் உண்டு, அது 50 யூரோவில் தொடங்குகிறது. அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ போதும். பனிமலை ஏறும் பூட்ஸ் வேண்டியதில்லை. புது ஷூவானால் ஊரிலேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு மாதம் லிப்டை மறந்துவிட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். வேறு பயிற்சி தேவையில்லை.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஊர்களில் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, 'நோன் பொதாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, மடக்கக் கூடிய ஊன்றுகோல், நடைப்புண்ணுக்கு ஒட்டுப்பட்டை. ஆபத்து என்றால் 112.

8. சைவக்காரர்களுக்கு

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அடுமனைகளில் ஃபொகாச்சா என்ற ஆலிவ் எண்ணெய் ரொட்டி கிடைக்கும். பரினாத்தா என்று ஒன்று உண்டு. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். பெரிய வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். மேலே மிளகுத்தூள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய் போல. 'கடலை மாவு தோசைக்கு இவ்வளவு தூரமா' என்று கேட்ட மனைவி தினமும் அதையே வாங்கினாள்.

துளசிக் குடும்பத்து இலையில் அரைக்கும் பெஸ்தோ இந்தப் பகுதியின் சொத்து. ஆனால் அதில் சேரும் பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதியில் உறைய வைப்பது. தீவிர சைவர்கள் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். நெத்திலி வகை மீன் எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும், காய்கறி சூப்பில்கூடக் கறி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். 'சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷ்ஷே' என்று சொல்லிவிடுங்கள். கறி வேண்டாம், மீன் வேண்டாம்.

மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ரசீதில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் ஏமாற்று இல்லை. மேஜையில் உட்கார்ந்ததற்கான கட்டணம்.

9. செலவு

ஒரு யூரோ சுமார் 96 ரூபாய் இருந்தபோது, இருவருக்கும் சேர்த்து ஆனது: விமானம் 1,28,000. விசா, சேவைக் கட்டணம், கூரியர் 22,000. காப்பீடு 2,600. லா ஸ்பெட்ஸியாவில் ஐந்து இரவு, மிலனில் ஒரு இரவு, நகர வரி சேர்த்து 62,000. ரயில், அட்டைகள், அபராதம் எல்லாம் 29,000. சாப்பாடு 35,000. மொத்தம் 2,78,600. மதியச் சாப்பாட்டை அடுமனையிலேயே முடித்ததால்தான் அந்த 35,000. ஒவ்வொரு வேளையும் கடல் பார்த்த மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு மடங்கு ஆகும்.

10. திரும்பும் நாள்

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். 'ஷோபெரோ' என்பார்கள். திடீரென்று வராது, தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். வார நாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் வண்டிகள் கட்டாயம் ஓடும். கிளம்பும் வாரத்தில் அந்தச் சொல்லையும் உங்கள் தேதியையும் போட்டுத் தேடிப் பாருங்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவை விமான நிலையம் உள்ள ஊரிலேயே கழியுங்கள். நாங்கள் மிலனில் அந்த ஒரு இரவுக்குக் கொடுத்த 140 யூரோ எனக்கு முதலில் உறுத்தியது. அடுத்த நாள் காலை ஸ்டேஷன் பலகையில் லா ஸ்பெட்ஸியா வண்டிக்கு நேராக 70 நிமிடத் தாமதம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் உறுத்தல் நின்றுவிட்டது.